கணினி திணறினால் எங்கே பார்ப்பது: ரேம், பேஜ் ஃபைல், ஸ்வாப்

கணினி மெதுவானதும் பலரும் முதலில் கைவைப்பது பேஜ் ஃபைலின் (ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு) அளவில்தான். 'ரேமைப் போல ஒன்றரை மடங்கு' என்ற பழைய கணக்கைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அதே திணறலைப் பார்த்து அலுத்துப்போவார்கள். பேஜ் ஃபைலைப் பெரிதாக்குவதால் வேகம் கூடாது. புரோகிராம்கள் இடம் கேட்கும்போது இயங்குதளம் கைவிரிக்காமல் இருப்பதற்கான கூடுதல் இருப்பு அது. வேகத்தைத் தீர்மானிப்பது ரேமுக்கும் டிஸ்க்குக்கும் இடையே நொடிக்கு நொடி எவ்வளவு போக்குவரத்து நடக்கிறது என்பது. இருப்புக் குறைவும் போக்குவரத்து நெரிசலும் வெவ்வேறு கோளாறுகள், தீர்வும் வேறு வேறு. உங்கள் கணினியில் இருப்பது எது என்று அளந்து பார்த்த பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

ரேமுக்குள் நடப்பது

இன்டெல், ஏஎம்டி கணினிகளில் இயங்குதளம் ரேமை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது. இந்தப் பக்கங்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, டிஸ்க்கில் உள்ள கோப்பிலிருந்து வந்தவை: புரோகிராமின் நிரல், திறந்து படித்த ஆவணம் போன்றவை. இடம் தேவைப்பட்டால் இவற்றைத் தூக்கி எறியலாம்; மூலம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. இரண்டாம் வகை, ஓடும்போது புரோகிராமே உருவாக்கியவை: பிரௌசர் டேப்பின் உள்ளடக்கம், சேமிக்காத படம், கணக்கீட்டின் இடைநிலை விடைகள். இவற்றுக்கு டிஸ்க்கில் சொந்தக் கோப்பு கிடையாது. ரேமைவிட்டு வெளியேற்ற வேண்டுமானால் விண்டோஸில் பேஜ் ஃபைலுக்கும் லினக்ஸில் ஸ்வாப்புக்கும்தான் போக வேண்டும்.

ஸ்வாப்பை முழுக்க நீக்கிவிட்டால் இரண்டாம் வகைப் பக்கம் எதுவும் வெளியேற முடியாது. காலையில் திறந்து, பிறகு தொடவே தொடாத புரோகிராமின் பக்கங்களும் ரேமிலேயே உட்கார்ந்திருக்கும். நெருக்கடி வரும்போது இயங்குதளம் முதல் வகையைத்தான் எறிய வேண்டியிருக்கும், அதாவது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே. அடுத்த கணமே அது தேவைப்படும், டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். ஸ்வாப்பே இல்லாத கணினியிலும் டிஸ்க் விளக்கு விடாமல் எரிவதற்கு இதுவே காரணம்.

வேலையைவிடப் பக்கங்களை மாற்றுவதிலேயே நேரம் கழியும் இந்த நிலைக்குத் திராஷிங் என்று பெயர். 1968இலேயே கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் இதை அலசி எழுதியிருக்கிறார். அது எவ்வளவு கொடுமை என்பது கால அளவைப் பார்த்தால் புரியும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ நொடி ஆகும். எஸ்எஸ்டியில் சுமார் 100 மைக்ரோ நொடி. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 10 மில்லி நொடி. ரேமுக்கு ஆவது ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டிக்கு 17 நிமிடம், ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கும் மேல். பேஜ் ஃபைல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த இடைவெளி ஒரு நானோ நொடிகூடக் குறையாது.

விண்டோஸில் அளப்பது

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்குங்கள். மேலே தெரியும் சதவீதத்தை மறந்துவிடலாம். 80 சதவீதம் நிரம்பியிருப்பது தவறே இல்லை. சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை என்பதால் மீதி ரேமிலும் விண்டோஸ் கோப்புகளை முன்கூட்டியே நிரப்பி வைக்கிறது. அதுதான் 'கேஷ்டு' என்று காட்டப்படுவது; அது பெரும்பாலும் அந்தச் சதவீதத்தில் சேராது. கேட்டவுடன் காலியாகிவிடும்.

பார்க்க வேண்டியது 'கமிட்டட்' என்ற இடம். அங்கே சாய்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு எண்கள் இருக்கும். இடப்பக்கம் இருப்பது, புரோகிராம்களுக்கு விண்டோஸ் இதுவரை உறுதியளித்துள்ள மொத்த இடம். வலப்பக்கம் இருப்பது உச்சவரம்பு: பயன்படுத்தக்கூடிய ரேமும் தற்போதைய பேஜ் ஃபைலும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஓர் உதாரணம். 8 ஜிபி ரேம் கொண்ட கணினியில் 'இன் யூஸ்' 6.9 ஜிபி, 'அவைலபிள்' 0.9 ஜிபி, 'கமிட்டட்' 13.8/15.2 ஜிபி என்று காட்டுகிறது. பயன்படுத்தக்கூடிய ரேம் 7.8 ஜிபி, ஆகவே பேஜ் ஃபைல் 7.4 ஜிபி. இன்னும் 1.4 ஜிபிக்குத்தான் விண்டோஸால் உறுதியளிக்க முடியும். பேஜ் ஃபைல் வளர இடமில்லாதபடி சி டிரைவ் நிரம்பியிருந்தால், அடுத்து திறக்கும் பெரிய புரோகிராம் 'அவுட் ஆஃப் மெமரி' என்று சொல்லி மூடிக்கொள்ளும்.

இதன் மறுபக்கம் இன்னும் விசித்திரமானது. 16 ஜிபி ரேம் இருக்கிறதே என்று பேஜ் ஃபைலை அறவே நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு, 'அவைலபிள்' 4 ஜிபி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே புரோகிராம்கள் விழும். பல புரோகிராம்கள் பின்னால் தேவைப்படலாம் என்று அதிகமாக இடம் கேட்டு வைத்துக்கொள்கின்றன, தொடுவது குறைவு. தொடாத இடத்துக்கு ரேம் செலவாகாது, ஆனால் கமிட் கணக்கில், அதாவது உறுதியளித்த இடத்தின் கணக்கில், ஏறிவிடும். விண்டோஸ் தன்னால் கொடுக்க முடியாததை உறுதியளிப்பதே இல்லை. வரம்பைத் தொட்டதும் ரேம் மிச்சமிருந்தாலும் மறுத்துவிடும். பேஜ் ஃபைலை நிறுத்தினால் வேகம் கூடும் என்ற அறிவுரையை ஏற்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இருப்புக் கணக்கு இத்தோடு முடிந்தது. போக்குவரத்தைப் பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து மெமரி பகுதிக்குப் போங்கள். 'ஹார்டு ஃபால்ட்ஸ்' என்ற பத்தி, ஒவ்வொரு புரோகிராமும் நொடிக்கு எத்தனை முறை பக்கத்தைத் தேடி டிஸ்க்குக்குப் போக நேர்ந்தது என்று காட்டும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது பிழை அன்று. புரோகிராமைத் திறக்கும் தருணத்தில் நூற்றுக்கணக்கில் எகிறி அடங்குவது இயல்பு. நிமிடக்கணக்கில் நூற்றுக்கணக்கிலேயே நின்று, அதே நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது திராஷிங். 'அவைலபிள்' சில நூறு எம்பிக்குக் கீழே போயிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. அவைலபிள் தாராளமாக இருந்தும் டிஸ்க் 100 சதவீதம் என்றால் ரேமைக் குறை சொல்லாதீர்கள். வைரஸ் ஸ்கேன், அப்டேட், பழுதாகும் டிஸ்க் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

கணினி ஏற்கெனவே விழுந்துவிட்டதா? ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய் 2004 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். ரிசோர்ஸ் எக்ஸாஷன் டிடெக்டர் எழுதும் அந்தப் பதிவில், அந்த நேரத்தில் அதிக இடம் பிடித்திருந்த புரோகிராம்களின் பெயரும் அளவும் இருக்கும்.

பேஜ் ஃபைலுக்கு எவ்வளவு

பெரும்பாலோருக்கு விடை: விண்டோஸிடமே விட்டுவிடுங்கள். தானியங்கி நிர்வாகத்தில் பேஜ் ஃபைல் ரேமைப் போல மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, எது பெரியதோ அதுவரை வளரலாம். ஆனால் அந்த டிரைவின் மொத்தக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. 120 ஜிபி எஸ்எஸ்டி என்றால் சுமார் 15 ஜிபியோடு நின்றுவிடும். சிறிய எஸ்எஸ்டி வைத்து வீடியோ எடிட்டிங்கோ விர்ச்சுவல் மெஷினோ ஓட்டுபவர்கள் முட்டிக்கொள்வது இந்த எட்டில் ஒரு பங்கில்தான். அவர்களுக்கு மட்டும் கைக்கணக்கு தேவை.

கைக்கணக்குக்கு ரேமின் மடங்குகள் உதவாது. ரேம் கூடக்கூடப் பேஜ் ஃபைலும் கூட வேண்டும் என்பது தலைகீழ் தர்க்கம். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள பிராசஸ் எக்ஸ்புளோரரை இறக்கிக்கொள்ளுங்கள். வழக்கமாகச் செய்யும் மிகக் கனமான வேலையை முழுவதும் செய்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்யாமலேயே அதில் வியூ மெனுவின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, மெமரி பகுதியில் 'பீக்' என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினி தொடங்கியதிலிருந்து கமிட் தொட்ட உச்சம் அது. அதிலிருந்து பயன்படுத்தக்கூடிய ரேமைக் கழியுங்கள். உச்சம் 14.5 ஜிபி, ரேம் 7.8 ஜிபி என்றால் மீதி 6.7. தொடக்க அளவாக 7 ஜிபி, அதாவது 7168 எம்பி. உச்ச அளவாக 12 ஜிபி, அதாவது 12288 எம்பி. எதிர்பாராத நாளுக்கு 5 ஜிபி மிச்சம். கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்றால் தொடக்க அளவை 2 ஜிபி என்று வைத்து உச்சத்தை 8 ஜிபி ஆக்கிவிடலாம். கணினி நீலத்திரையோடு நின்றால் விவரப் பதிவு எழுதவும் சி டிரைவில் பேஜ் ஃபைல் தேவைப்படுகிறது என்பதால் பூஜ்யமாக்க வேண்டாம்.

மாற்றும் முறை:

1. ஸ்டார்ட் மெனுவில் பெர்ஃபார்மன்ஸ் என்று தட்டி, விண்டோஸின் தோற்றத்தையும் செயல்திறனையும் சரிசெய்யும் 'அட்ஜஸ்ட்' என்று தொடங்கும் வரியைத் திறங்கள்.
2. அட்வான்ஸ்டு பகுதியில் விர்ச்சுவல் மெமரிக்குக் கீழே உள்ள சேஞ்ச் பொத்தானை அழுத்துங்கள்.
3. மேலே உள்ள 'ஆட்டோமேட்டிகலி மேனேஜ்' டிக்கை எடுங்கள்.
4. டிரைவைத் தேர்ந்து, கஸ்டம் சைஸில் இரண்டு எண்களையும் எம்பியில் இடுங்கள்.
5. செட் பொத்தானை அழுத்துங்கள். பிறகுதான் ஓகே.

ஐந்தாவது படியில்தான் அதிகம் பேர் கோட்டை விடுவார்கள். செட் அழுத்தாமல் ஓகே கொடுத்தால் பெட்டி மூடிக்கொள்ளும், எதுவும் மாறியிருக்காது, பிழைச் செய்தியும் வராது. அளவைக் கூட்டினால் பெரும்பாலும் ரீஸ்டார்ட் தேவையில்லை. குறைத்தால் கட்டாயம் தேவை.

தொடக்க அளவையும் உச்ச அளவையும் ஒன்றாக வைக்கும் பழக்கம் ஹார்ட் டிஸ்க் காலத்தது. கோப்பு வளர்ந்து துண்டுதுண்டாகச் சிதறினால் டிஸ்க்கின் தலை அலைய வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்கத்தான். எஸ்எஸ்டியில் அலையத் தலையே இல்லை. அங்கே இதனால் ஒரு பயனும் கிடையாது.

எந்த டிரைவில் வைப்பது? இருப்பதிலேயே வேகமானதில். எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பயந்து பேஜ் ஃபைலை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவது, இந்த விஷயத்தில் செய்யக்கூடிய மிக மோசமான மாற்றம். 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 300 டிபி எழுதும் ஆயுள் உத்தரவாதம் இருப்பதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு 20 ஜிபி வீதம் எழுதித் தள்ளினாலும் அதை எட்ட நாற்பது ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்பே கணினி பழைய இரும்புக்குப் போய்விடும். ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, டி டிரைவில் பேஜ் ஃபைல் வைப்பதிலும் அர்த்தமில்லை. இரண்டும் ஒரே சாதனம்.

சி டிரைவில் பேஜ் ஃபைல் போலவே மறைந்து கிடக்கும் பெரிய கோப்பு இன்னொன்று உண்டு, ஹைபர்னேஷனுக்கானது (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் வசதி). டிஸ்க் இடம் போதவில்லை என்றால் பேஜ் ஃபைலைச் சுருக்குவதைவிட, பயன்படுத்தாத ஹைபர்னேஷனை நிறுத்துவது நல்லது.

தேவையைக் குறைப்பது

திராஷிங்தான் என்று உறுதியானால் மருந்து பேஜ் ஃபைலில் இல்லை. ஒன்று தேவையைக் குறைக்க வேண்டும், அல்லது ரேமைக் கூட்ட வேண்டும்.

முதலில் யார் தின்கிறார்கள் என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் முதல் பக்கத்தில் தெரியும் மெமரி எண், அந்தக் கணத்தில் ரேமில் இருப்பதை மட்டும் சொல்கிறது. டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போய், தலைப்புப் பட்டியில் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸ் வழியாக 'கமிட் சைஸ்' பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்தினால் உண்மையான பெருந்தீனிக்காரர் மேலே வருவார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். வேலை எதுவும் தராமலேயே ஒரு புரோகிராமின் கமிட் சைஸ் ஏறிக்கொண்டே போனால் அதில் மெமரி லீக், அதாவது எடுத்த இடத்தைத் திருப்பித் தராத கோளாறு. அப்டேட் செய்வது, முடியாவிட்டால் அவ்வப்போது மூடித் திறப்பது தவிர வேறு வழியில்லை.

எல்லாப் புரோகிராமையும் கூட்டினாலும் 'இன் யூஸ்' எண்ணுக்கு அருகில்கூட வரவில்லையா? அப்போது 'நான்-பேஜ்டு பூல்' (டிஸ்க்குக்கு அனுப்பாமல் ரேமிலேயே இயங்குதளம் பிடித்து வைக்கும் இடம்) என்ற எண்ணைப் பாருங்கள். சில நூறு எம்பி என்றால் இயல்பு. பல ஜிபி என்றால் ஏதோ ஒரு டிரைவர் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்) கசிகிறது. நெட்வொர்க் கார்டு, ஆன்டி வைரஸ் டிரைவர்களை முதலில் சந்தேகிக்கலாம். இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால், ஷட் டவுன் செய்யும்போது கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே ஏற்றப்படுகிறது. ஆகவே தினமும் அணைத்துவிட்டுப் போகிறவரின் கணினியில் டிரைவர் கசிவு வாரக்கணக்கில் சேரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கெர்னல் புதிதாகத் தொடங்கும்.

பிரௌசர் தனி உலகம். குரோமில் ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் அதற்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறக்கும். டேப் வாரியாக, எக்ஸ்டென்ஷன் வாரியாக அளவு தெரியும். டேப்களைவிட எக்ஸ்டென்ஷன்களைக் களைவதில் பலன் அதிகமாக இருப்பதும் உண்டு, காரணம் விளம்பரத் தடுப்பு போன்றவை ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் தங்கள் நிரலைச் செலுத்துகின்றன. குரோமின் மெமரி சேவர், எட்ஜின் ஸ்லீப்பிங் டேப்ஸ் இரண்டையும் இயக்கி வையுங்கள். பாதி நிரப்பிய விண்ணப்பம் உள்ள தளங்களை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுவது நல்லது. பிறகு டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில், தானாகத் தொடங்கும் அரட்டைச் செயலிகளையும் அப்டேட்டர்களையும் நிறுத்துங்கள்.

ரேம் கிளீனர், ரேம் பூஸ்டர் வகையறாக்கள் பக்கமே போக வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பக்கங்களை ரேமிலிருந்து வலுக்கட்டாயமாகத் துரத்துவதுதான் அவற்றின் வேலை. காட்டும் எண் சட்டென்று இறங்கும். அடுத்த சொடுக்கில் அத்தனையும் மறுபடி உள்ளே வந்தாக வேண்டும். விண்டோஸ் 10 முதல், டிஸ்க்குக்கு அனுப்பும் முன் பக்கங்களை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் வசதி இருக்கிறது. அதற்கு மேல் வெளியாள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

லினக்ஸில்

'ஃப்ரீ' கட்டளையில் 'ஃப்ரீ' பத்தியைப் பார்த்துப் பதறுபவர்கள் அதிகம். பார்க்க வேண்டியது கடைசியில் உள்ள 'அவைலபிள்'. ஸ்வாப்பில் 1 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டினாலும் கவலை வேண்டாம். எப்போதோ ஒதுங்கிய பக்கங்கள் அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கலாம். அவை நகர்கின்றனவா என்பதே கேள்வி. அதற்கு 'விஎம்ஸ்டாட் 1' என்று கொடுத்து எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்கு வருவது), எஸ்ஓ (ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரண்டு பத்திகளைக் கவனியுங்கள். முதல் வரி கணினி தொடங்கியதிலிருந்தான சராசரி, அதை விட்டுவிடுங்கள். எஸ்ஓ அவ்வப்போது எகிறிப் பிறகு பூஜ்யமானால் நல்லது. எஸ்ஐ விடாமல் ஓடிக்கொண்டிருந்தால் வெளியே போன பக்கங்கள் உடனே திரும்பத் தேவைப்படுகின்றன என்று பொருள். கெர்னல் 4.20 முதல் இன்னும் நேரடியான அளவு கிடைக்கிறது: பிராக் கோப்புறையின் பிரஷர் பகுதியில் உள்ள மெமரி என்ற கோப்பைத் திறந்தால், கடந்த 10 நொடி, 60 நொடி, 300 நொடிகளில் எத்தனை சதவீத நேரம் பணிகள் மெமரிக்காகக் காத்துக் கிடந்தன என்று தெரியும்.

ஸ்வாப் கோப்பை உருவாக்க ரூட் அனுமதி வேண்டும். 4 ஜிபிக்கு, 'டிடி' கட்டளையில் தொகுதி அளவு 1 எம்பி, எண்ணிக்கை 4096 என்று கொடுத்துப் பூஜ்யங்களால் நிரம்பிய கோப்பை உருவாக்குங்கள். 'எஃப்அலோகேட்' நொடியில் முடியும் என்றாலும், சில கோப்பு முறைமைகளில் கோப்பில் ஓட்டை இருக்கிறது என்று ஸ்வாப்ஆன் மறுத்துவிடும். பிறகு சிஎச்மாட் மூலம் அனுமதியை 600 ஆக்குங்கள். இதை விட்டால் மற்ற பயனர்கள் உங்கள் ரேமின் உள்ளடக்கத்தைப் படிக்க வழி திறந்திருக்கும். அடுத்து எம்கேஸ்வாப், அதன் பின் ஸ்வாப்ஆன். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிலைக்க, கணினி தொடங்கும்போது படிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: கோப்பின் முழுப் பாதை, நன், ஸ்வாப், எஸ்டபிள்யூ, 0, 0 என ஆறு புலங்கள். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில், கோப்பில் எதையும் எழுதும் முன்பே காப்பி-ஆன்-ரைட்டை (மாற்றத்தைப் புதிய இடத்தில் எழுதும் முறை) அணைக்க வேண்டும், கெர்னல் 5.0 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். கணினி தொடங்கும்போது ஒன்றரை நிமிடம் ஏதோ ஒன்றுக்காகக் காத்து நிற்கிறதென்றால், எஃப்எஸ்டேப்பில் இப்போது இல்லாத பழைய ஸ்வாப் பார்ட்டிஷனின் அடையாள எண் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஸ்வாப்பை நீக்கும்போதும் கவனம். ஸ்வாப்ஆஃப் கொடுத்ததும் அதில் உள்ள அத்தனையும் ரேமுக்குத் திரும்ப வேண்டும். 'அவைலபிள்' அதைவிடக் குறைவாக இருந்தால் கட்டளை தோற்கும், அல்லது ஏதாவது ஒரு புரோகிராம் பலியாகும்.

அளவு? ஹைபர்னேட் செய்வதானால் ரேமுக்குச் சமமாகவாவது வேண்டும். இல்லையென்றால் சாதாரண மேசைக்கணினிக்கு 4 ஜிபி போதும். 1 ஜிபி ரேம் உள்ள சிறிய சர்வரில் 1 முதல் 2 ஜிபி. அதற்கு மேல் கொடுத்தால், கசியும் புரோகிராம் ஒன்று கெர்னலால் உடனே கொல்லப்படுவதற்குப் பதிலாக மணிக்கணக்கில் சர்வரையே இழுத்தடிக்கும். டேட்டாபேஸ் திடீரென நின்றுபோன மர்மத்துக்கு, கணினியின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தேடினால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

ஸ்வாப்பினஸ் என்ற லினக்ஸ் அமைப்பு பற்றி ஒரு தவறான நம்பிக்கை விடாமல் சுற்றிவருகிறது. இயல்பு மதிப்பு 60 என்பதால், ரேம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்கிறார்கள். 40 சதவீதம் என்பாரும் உண்டு. இரண்டும் தவறு. இடம் தேவைப்படும்போது, முதலில் சொன்ன இருவகைப் பக்கங்களில் எதைத் துரத்துவது என்பதற்கான சார்பு எடைதான் அது. 100 என்றால் இரண்டும் சமம். குறையக் குறையக் கோப்புப் பக்கங்களே அதிகம் வெளியேறும். எஸ்எஸ்டி உள்ள மேசைக்கணினியில் 60ஐத் தொட வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க் என்றால் 10 முதல் 20 வரை இறக்கிப் பார்க்கலாம். 0 ஆக்குவது நல்லதல்ல.

ரேம் குறைவான லேப்டாப்பில் உண்மையிலேயே வித்தியாசம் தெரிவது இசட்ராமில்தான். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக ஆக்கும் வசதி இது. இரண்டு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை சுருங்கும். டிஸ்க்குக்குப் போவதைவிடச் சுருக்கி விரிப்பது பல மடங்கு வேகம். ஃபெடோரா 33 முதல் இது இயல்பாகவே வருகிறது. இசட்ராம் வைத்தால் ஸ்வாப்பினஸை 100க்கு மேல் ஏற்றுவது சரியே, கெர்னல் 5.8 முதல் 200 வரை அனுமதி உண்டு. ஏற்கெனவே டிஸ்க் ஸ்வாப் இருந்தால் இசட்ராமுக்குப் பதில் இசட்ஸ்வாப்பை (டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னால் ரேமில் பக்கங்களைச் சுருக்கி வைக்கும் வசதி) தேர்ந்தெடுங்கள். இசட்ராமையும் டிஸ்க்கையும் சேர்த்து வைத்தால், பழைய தூங்கும் பக்கங்கள் வேகமான இசட்ராமை நிரப்பிக்கொள்ளும். புதிதாக வருபவை டிஸ்க்குக்குத் தள்ளப்படும். இசட்ஸ்வாப் பழையவற்றை டிஸ்க்குக்கு இறக்கிவிடும். இசட்ராம், இசட்ஸ்வாப் இரண்டையும் ஒன்றாக இயக்க வேண்டாம்.

மேக்கில் அளவை மாற்ற வழியில்லை, தேவையும் இல்லை. ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் வரைபடம் பச்சையாக இருந்தால் ஸ்வாப் எவ்வளவு காட்டினாலும் பரவாயில்லை. மஞ்சளிலோ சிவப்பிலோ நிலைத்து நின்றால் புரோகிராம்களை மூடுங்கள், டிஸ்க்கில் இடம் விடுங்கள்.

ரேம் வாங்கும் முன்

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே பாதித் தகவல் இருக்கிறது: எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில், எந்த வடிவம், என்ன வேகம். லேப்டாப்பில் வடிவம் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, கூட்ட முடியாது. 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' (விண்டோஸ் பயன்படுத்த முடியாதபடி ஒதுக்கப்பட்ட ரேம்) வழக்கத்துக்கு மாறாகப் பல ஜிபி காட்டினால் வாங்குவதை ஒத்திவைத்து, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறந்து பாருங்கள். வேகம் கூடும் என்று நம்பி யாராவது 'மேக்ஸிமம் மெமரி'யில் டிக் போட்டிருப்பார்கள். அது உச்சவரம்பு விதிக்கும் இடம். டிக்கை எடுத்தால் இருக்கிற ரேம் திரும்பக் கிடைக்கும். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் வீண்.

டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று பொருந்தாது. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், ஒரே 16 ஜிபி ரேம் குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகள் நல்லது. டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதைகளில், ஓடும்; கிராஃபிக்ஸும் அதே ரேமைப் பங்கிடுவதால் கேம்களில் பலன் நன்றாகவே தெரியும். வேகம் வேறுபட்ட குச்சிகளைக் கலந்தால் மெதுவானதன் வேகத்துக்கு எல்லாம் இறங்கும். பெட்டியில் எழுதிய வேகம் டாஸ்க் மேனேஜரில் வரவில்லை என்றால் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமை அந்த வேகத்தில் ஓட்டும் அமைப்புகள்) இயக்க வேண்டும்.

மாட்டிய அன்றே விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிடுங்கள், முடிந்தால் இரவு முழுவதும் மெம்டெஸ்ட்86. ஒரே ஒரு பிழை வந்தாலும் ஏற்கக் கூடாது. முதலில் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் பிழை வந்தால் குச்சிகளை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள். எல்லாக் குச்சிக்கும் அதே ஸ்லாட்டில் பிழை வந்து வேறு ஸ்லாட்டில் வராவிட்டால் கோளாறு போர்டில். ஒரு குச்சி மட்டும் எங்கே போட்டாலும் தவறினால், உத்தரவாதக் காலத்துக்குள் அதை மாற்றிவிடுங்கள்.